48 மணி நேரம் போகட்டும்: செப்சிஸும் வெள்ளணுக்களின் சீட்டும்

சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவை ஐசியூவில் சேர்த்திருந்தோம். சிறுநீர்ப் பாதையில் ஆரம்பித்த தொற்று. முதல் நாள் குளிர் காய்ச்சல், மறுநாள் பேச்சு குழறியது, அதற்கடுத்த நாள் ரத்த அழுத்தம் இறங்கி, மூக்கிலும் கழுத்திலும் கையிலும் குழாய்களோடு படுத்திருந்தார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்களிடம் ஒரு இளம் டாக்டர் வந்து, "இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க. 48 மணி நேரம் போகட்டும்" என்றார்.

சினிமாவில் கேட்டுக் கேட்டுப் புளித்த வசனம். நழுவுகிறார் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. பிறகு இந்த நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று புரிந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், ஒரே வயது, ஒரே காய்ச்சல், ஒரே ரத்த அழுத்தத்தோடு இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போவார், இன்னொருவர் போக மாட்டார். அந்த முதல் மணி நேரத்தில் இருவருக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் எங்கேதான் ஒளிந்திருக்கிறது? வெள்ளணுக்களுக்குள் தேடலாம் என்று ஒரு கூட்டம் ஆராய்ச்சியாளர்கள் கிளம்பி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் செப்சிஸ் என்றால் என்ன என்பதில் நம்மில் பலருக்கு ஒரு தப்பான படம் இருக்கிறது. "ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது" என்று ஊரில் சொல்வோம். கிருமி ரத்தத்தில் இருப்பதற்குப் பெயர் செப்சிஸ் அல்ல. 2016-இல் நிபுணர் குழு ஒன்று வகுத்த வரையறைப்படி, தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டு மீறிப்போய், அதனால் உறுப்புகள் பழுதாகி உயிருக்கே ஆபத்து வருவதுதான் செப்சிஸ். திருடன் வந்ததால் ஆன சேதம் கொஞ்சம்; திருடனைப் பிடிக்கிறேன் என்று வீட்டுக்காரர்களே உடைத்தது மிச்சம். 2017-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் லான்செட்டில் வந்த கணக்கு சொல்கிறது. அந்த வருட மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

இப்போது டாக்டர்கள் கையில் இருக்கும் அளவுகோல்கள் என்ன? சோஃபா என்று ஒரு மதிப்பெண் உண்டு (உட்காரும் சோஃபாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). நுரையீரல், ரத்தம் உறையும் திறன், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறு விஷயங்களுக்கு தலா 0 முதல் 4 வரை போட்டு, 24-க்குக் கூட்டுவார்கள். அதோடு ரத்தத்தில் லாக்டேட் அளவு. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மருந்து தேவைப்பட்டு, போதுமான திரவம் ஏற்றிய பிறகும் லாக்டேட் 2-க்கு மேல் நின்றால் அது செப்டிக் ஷாக். அந்த நிலையில் மருத்துவமனையிலேயே இறப்பவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல்.

இந்த அளவுகோல்கள் உபயோகமானவைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாமே எவ்வளவு சேதமாகியிருக்கிறது என்பதைச் சொல்கின்றன. உள்ளே நோயெதிர்ப்பு மண்டலம் இந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. வீட்டில் எத்தனை கண்ணாடி உடைந்தது என்று எண்ணலாம். உடைத்தவர் இன்னும் தடியோடு சுற்றுகிறாரா, களைத்துப்போய் மூலையில் விழுந்துவிட்டாரா என்று தெரியாது. சிகிச்சைக்கு வேண்டியது அந்த இரண்டாவது தகவல்.

இங்கேதான் மரபணு வெளிப்பாடு வருகிறது. "மரபணு" என்றவுடன் பலரும் பரம்பரை என்று நினைத்துக்கொள்வார்கள். இது அதுவல்ல. நம் உடம்பின் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் அதே டிஎன்ஏதான் இருக்கிறது, பிறந்ததிலிருந்து சாகும் வரை பெரிதாக மாறாது. எந்த மரபணு எப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மணிக்கு மணி மாறும். ஒரு செல்லுக்கு ஒரு புரதம் வேண்டுமென்றால், அந்த மரபணுவைப் பார்த்து ஒரு ஆர்என்ஏ நகல் எழுதிக்கொள்ளும். இதை எம்ஆர்என்ஏ என்பார்கள். மளிகைச் சீட்டு மாதிரி. அம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் சேமியாவும் முந்திரியும் இருந்தால் வீட்டில் பாயசம் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். பாயசம் கொதிக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. ரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்கள் எழுதிக்கொண்டிருக்கும் சீட்டுகளை எண்ணினால், அவை எதற்குத் தயாராகின்றன என்று ஊகிக்கலாம் என்பதுதான் யோசனை.

சீட்டுக்கு ஆயுள் குறைவு என்பது ஒரு தொல்லை. எழுதிய கொஞ்ச நேரத்தில் செல்லே கிழித்துப்போடும். போதாக்குறைக்கு, எடுத்த ரத்தத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டால், "எங்கேயோ வந்துட்டோமே" என்று பதறி வெள்ளணுக்கள் புதுச் சீட்டுகள் எழுத ஆரம்பிக்கும். அதனால் உள்ளே போனதுமே ஆர்என்ஏவை அப்படியே நிறுத்திவைக்கும் ரசாயனம் போட்ட தனிக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இதில் கவனக்குறைவாக இருந்தால் நோயாளியை விட்டுவிட்டு சோதனைக்குழாயை ஆராய்ச்சி செய்தவர்களாகி விடுவோம்.

சரி, சீட்டை எண்ணியாகிவிட்டது. அடுத்த பள்ளம் கணக்கில் இருக்கிறது. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. உங்களிடம் 100 நோயாளிகள், அதில் 20 பேர் இறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மரபணுவையும் எடுத்து, இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். வழக்கமான 5 சதவீத வரம்பை வைத்தால், உண்மையில் எந்த மரபணுவுக்குமே சம்பந்தம் இல்லாவிட்டாலும், சும்மா குருட்டாம்போக்கில் 1,000 மரபணுக்கள் "வித்தியாசம் இருக்கு" என்று கையைத் தூக்கும். அதில் நல்லதாக ஒரு பத்தைப் பொறுக்கி எடுத்து ஒரு சூத்திரம் செய்தால், அந்த 100 பேரில் அது அற்புதமாக வேலை செய்யும். 101-வது ஆளிடம் கவிழும். இந்தத் துறையின் ஆரம்பகாலக் கட்டுரைகள் பலவற்றை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், வேறு கருவியில் எடுத்த ரத்தத்தில் தேறாத சூத்திரம் எதையும் நம்பக் கூடாது.

அந்த வகையில் 2018-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்த ஆய்வு எனக்குப் பிடித்தது. ட்யூக் பல்கலைக்கழகம், சேஜ் பயோநெட்வொர்க்ஸ், ஸ்டான்ஃபோர்ட் என மூன்று குழுக்கள். மூன்றுக்கும் ஒரே தரவு: முக்கியமாக வெளியிலேயே தொற்று வந்து சேர்ந்த நோயாளிகளின் 12 தொகுதிகள். "30 நாளுக்குள் யார் இறப்பார்கள் என்று உங்கள் வழியில் ஒரு சூத்திரம் செய்யுங்கள்" என்று விட்டுவிட்டு, அந்த சூத்திரங்களை வேறு ஐந்து தொகுதிகளில் சோதித்தார்கள். மருத்துவமனைக்குள் தொற்று வந்தவர்களின் நான்கு தொகுதிகளிலும் தனியாகப் பார்த்தார்கள். ஐந்து தொகுதி சோதனையில் ஏயூசி என்ற மதிப்பெண் 0.765-இலிருந்து 0.89 வரை வந்தது. மற்ற நான்கிலும் ஏறக்குறைய அதே மாதிரிதான்.

ஏயூசி என்றால் என்ன? இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சூத்திரம் இறந்தவருக்கு அதிக ஆபத்து மதிப்பெண் கொடுத்திருக்க எவ்வளவு வாய்ப்பு? 0.5 என்றால் பூவா தலையா போட்டது மாதிரி. 1 என்றால் ஒருபோதும் தப்பாது. 0.89 நல்ல எண்தான். ஆனால் "நூற்றுக்கு 89 பேருக்குச் சரியாகச் சொல்லிவிடும்" என்று அதற்கு அர்த்தம் இல்லை. பத்திரிகைச் செய்திகளில் அடிக்கடி இப்படித்தான் எழுதிவிடுகிறார்கள்.

இந்த ஆய்வில் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. மூன்று குழுக்களின் சூத்திரங்களிலும் இருந்த மரபணுக்கள் பெரும்பாலும் வேறு வேறு. அப்படியிருந்தும் எல்லாமே ஓரளவு சரியாகக் கணித்தன. எப்படி? மரபணுக்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதில்லை, கூட்டமாகத்தான் போகும். ஊர்வலம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய யாரைப் பின்தொடர்ந்தாலும் போதும். ஆகவே "செப்சிஸ் மரபணு இதுதான்" என்று ஒன்றைத் தேடுவதே வீண். ஊர்வலம் என்ன என்பதுதான் கேள்வி.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜூலியன் நைட்டின் குழு 2016-இல் அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. நிமோனியாவால் செப்சிஸ் வந்து பிரிட்டிஷ் ஐசியூக்களில் இருந்த 265 பேரின் வெள்ளணுக்களைப் பார்த்தார்கள். யார் இறந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு, வெளிப்பாட்டு ஒற்றுமையை மட்டும் வைத்துப் பிரித்தபோது இரண்டு கும்பல்கள் தானாகவே பிரிந்தன. எஸ்ஆர்எஸ்1, எஸ்ஆர்எஸ்2 என்று பெயர் வைத்தார்கள். முதல் கும்பலில் 108 பேர், அதாவது 41 சதவீதம். 14 நாளில் இறக்கும் அபாயம் அவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த முதல் கும்பலின் நோயெதிர்ப்பு தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பார்த்தால், அடங்கிப்போயிருந்தது. கிருமியின் துண்டைப் பிடித்து டி செல்களிடம் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ வகை மரபணுக்கள் தாழ்ந்திருந்தன, டி செல்கள் களைத்துப்போனதற்கான அடையாளங்கள் இருந்தன. வீட்டுக்காரர் தடியைப் போட்டுவிட்டு மூலையில் விழுந்துகிடக்கிறார். அப்படிப்பட்டவருக்கு வீக்கத்தை அடக்கும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும்?

ஆம்ஸ்டர்டாமில் டாம் வான் டெர் போல் குழு மார்ஸ் என்ற ஆய்வில் 306 பேரைப் பார்த்து, நான்கு வகைகளாகப் பிரித்தது. அதில் மார்ஸ்1 தான் மோசம், 28 நாளில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள். பிபிஜிஎம், டிஏபி2 என்ற இரண்டே மரபணுக்களின் விகிதத்தை வைத்து அந்த வகையை அடையாளம் காணலாம் என்றார்கள். 20,000-இல் தொடங்கி இரண்டில் முடிந்தால் படுக்கையருகே சோதனை செய்வது சாத்தியமாகிறது.

இங்கே ஸ்டீராய்டு கதைக்குப் போக வேண்டும். ஏனென்றால், இறப்பைக் கணிப்பதைவிட முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

செப்டிக் ஷாக்குக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பது பல பத்தாண்டுச் சண்டை. 2018 மார்ச் 1-ஆம் தேதி நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரே இதழில் இரண்டு பெரிய ஆய்வுகளைப் போட்டது. அட்ரினல் என்ற ஆய்வில் சுமார் 3,700 பேர். ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் 27.9 சதவீதம், கொடுக்காதவர்களில் 28.8 சதவீதம் பேர் 90 நாளில் இறந்தார்கள். வித்தியாசமே இல்லை. பிரான்ஸில் நடந்த அப்ரோச்ஸ் ஆய்வில் 1,241 பேர்; ஹைட்ரோகார்டிசோனோடு இன்னொரு ஸ்டீராய்டும் சேர்த்தது. 43 சதவீதம், 49.1 சதவீதம். உதவியது! எந்த டாக்டர் எதை நம்புவார்? மருந்துகளிலும் நோயாளிகளிலும் வேறுபாடுகள் இருந்தன, உண்மைதான். ஆனால் இன்னொரு விளக்கமும் உண்டு. ஒரு பகுதிப் பேருக்கு உதவி, இன்னொரு பகுதிப் பேருக்குக் கெடுதி செய்யும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்துச் சராசரி எடுத்தால், கையில் பூஜ்யம்தான் நிற்கும்.

பிரிட்டனில் நடந்த வேனிஷ் ஆய்வின் ரத்த மாதிரிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 409 பேரில் 176 பேரின் வெளிப்பாட்டை அளந்து எஸ்ஆர்எஸ் பிரித்தார்கள். அதில் 117 பேர் ஹைட்ரோகார்டிசோன் அல்லது வெறும் மருந்து என்று குலுக்கலில் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். 2019-இல் வந்த முடிவு: எஸ்ஆர்எஸ்2, அதாவது நோயெதிர்ப்பு இன்னும் தெம்பாக இருந்த கும்பலில், ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடுதல். வாய்ப்பு விகிதம் 7.9.

பயமுறுத்தும் எண். ஆனால் அதன் நம்பக எல்லை 1.6-இலிருந்து 39.9 வரை. மெலிதான கெடுதியிலிருந்து பேரழிவு வரை எதுவாகவும் இருக்கலாம் என்று இதற்கு அர்த்தம். 117 பேரை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஹெக்டர் வோங் குழந்தைகளுக்கு இதே மாதிரி வகை பிரித்திருந்தார். அங்கே நோயெதிர்ப்பு அடங்கிய ஏ வகைக் குழந்தைகளிடம்தான் ஸ்டீராய்டும் கூடுதல் இறப்பும் சேர்ந்து காணப்பட்டன. பெரியவர்களில் தெம்பாக இருந்தவர்களுக்குக் கெடுதி, குழந்தைகளில் அடங்கியிருந்தவர்களுக்குக் கெடுதி. நேர் எதிர்! குழந்தைகள் ஆய்வில் குலுக்கல் இல்லை, டாக்டர்கள் தாங்களே பார்த்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆளுக்கொரு விதமாக வகை பிரித்ததும் காரணமாக இருக்கலாம். "ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் மரபணு சோதனை" என்று இப்போதே யாராவது விற்க வந்தால், இந்த முரண்பாட்டைக் காட்டிக் கேள்வி கேளுங்கள்.

இன்னொரு நெருடல். முழு ரத்தத்தில் ஆர்என்ஏ அளக்கும்போது, ஒரு மரபணு "ஏறியிருக்கிறது" என்றால் செல்கள் அந்தச் சீட்டை அதிகம் எழுதுகின்றனவா, அல்லது அந்தச் சீட்டை எழுதும் வகைச் செல்களே எண்ணிக்கையில் அதிகமாகிவிட்டனவா? செப்சிஸில் நியூட்ரோபில்கள் பெருகும், லிம்போசைட்டுகள் குறையும், எலும்பு மஜ்ஜையிலிருந்து முதிராத நியூட்ரோபில்கள் அவசர அவசரமாக வெளியே தள்ளப்படும். மரபணு வெளிப்பாட்டின் ஒரு பெரிய பங்கு இந்த ஆள்கணக்கைத்தான் காட்டுகிறது. அதனால் கணிப்பு பொய்யாகிவிடாது. ஆனால் அதே ஆள்கணக்கின் ஒரு பகுதியைச் சில நூறு ரூபாயில் சாதாரண ரத்த எண்ணிக்கைச் சோதனையும் சொல்லிவிடும். வயது, லாக்டேட், ரத்த எண்ணிக்கை மூன்றையும் சேர்த்தால் கிடைக்கும் கணிப்பைவிட இது எவ்வளவு மேல் என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் தேடுகிறேன். பாதிக் கட்டுரைகளில் அந்த ஒப்பீடே இருப்பதில்லை. 2018 ஆய்வு மருத்துவ மதிப்பெண்களோடு மரபணுவைச் சேர்த்தால் கணிப்பு முன்னேறுகிறது என்றாவது காட்டியது.

கடைக்கு வந்துவிட்டதா இது? வந்திருக்கிறது, கொஞ்சம். செப்டிசைட் ரேப்பிட் என்பது இரண்டு மரபணுக்களைப் பார்த்து சுமார் ஒரு மணி நேரத்தில் பதில் தருகிறது. ஆனால் அது சொல்வது "இது செப்சிஸா, அல்லது தொற்றில்லாத வீக்கமா" என்பதை, பிழைப்பாரா என்பதை அல்ல. 29 மரபணுக்களை அரை மணி நேரத்தில் அளக்கும் ட்ரைவெரிட்டிக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. பாக்டீரியாவா, வைரஸா என்பதோடு, ஏழு நாளுக்குள் செயற்கை சுவாசம் மாதிரி ஐசியூ உதவி தேவைப்படுமா என்றும் ஒரு மதிப்பெண் தருகிறது. "இறப்பாரா" என்று கேட்காமல் "என்ன தேவைப்படும்" என்று கேட்டதை நான் வரவேற்கிறேன்.

ஏன் என்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு வார்டில் 100 பேர், 20 பேர் இறக்கப் போகிறார்கள். சோதனை இறக்கப் போகிறவர்களில் 80 சதவீதத்தையும் பிழைக்கப் போகிறவர்களில் 80 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும். ஆகவே 20-இல் 16 பேருக்கு "ஆபத்து" என்கிறது. மிச்சம் 80 பேரில் 16 பேருக்கும் தப்பாக "ஆபத்து" என்கிறது. ஆபத்துச் சீட்டு வாங்கிய 32 பேரில் சரிபாதிப் பேர் பிழைக்கப் போகிறவர்கள். மறுபக்கம், "பயமில்லை" என்று சொன்ன 68 பேரில் 64 பேர் உண்மையிலேயே பிழைக்கிறார்கள். யாரை ஐசியூவுக்கு அனுப்பாமல் இருக்கலாம் என்று முடிவெடுக்க உதவலாம். யாரைக் கைவிடலாம் என்று முடிவெடுக்க உதவவே உதவாது.

நம்ம ஊரில் இது வெறும் தத்துவம் இல்லை. ஐசியூ பில்லைத் தினமும் குடும்பம் கட்டுகிறது. நகை அடகுக்குப் போகிறது. கட்ட முடியாதபோது, டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் "ஆபத்து: அதிகம்" என்று ஒரு தாளை நீட்டினால் என்ன நடக்கும்? கணிப்பே மரணத்தை உண்டாக்கி, பிறகு "பார்த்தீங்களா, சரியாச் சொல்லிட்டோம்" என்று கணக்கிலும் ஏறும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சூத்திரங்களைக் கட்டிய தொகுதிகள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. நிமோனியாவும் வயிற்றுத் தொற்றும்தான் அங்கே அதிகம். தமிழ்நாட்டில் மழைக்காலம் முடிந்து காய்ச்சலோடு வந்து உறுப்புகள் செயலிழப்பவர்களில் ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகளும் இருப்பார்கள். அந்தக் கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரிலேயே குடியேறும் ரகம். டெங்கு ஷாக் வேறு ரகம். ஊர்வலம் அங்கேயும் அதே தெருவில்தான் போகிறதா என்று நம் நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்தால்தான் தெரியும்.

சித்தப்பா 19-வது நாள் வீட்டுக்கு வந்தார். இப்போதும் காலையில் நடக்கப் போகிறார், இடது கால் மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது என்பார். டிஸ்சார்ஜ் தாளை இந்தப் பதிவுக்காகத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை ஹைட்ரோகார்டிசோன் என்று எழுதியிருக்கிறது. அது அவரைக் காப்பாற்றியதா, அல்லது அதையும் மீறி அவர் பிழைத்தாரா என்று அந்தத் தாளில் இல்லை.